பூக்களையும் வீட்டுச் செடிகளையும் கண்காட்சிப் போட்டிக்கு வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாகக் கண்காட்சி நாளின் காலையில், போட்டிக்கு வரும் பூக்களையும் தொட்டிச் செடிகளையும் பதிவு செய்யும் மேசையில் உதவியாளனாக உட்கார்ந்து வருகிறேன். அதற்கு முன்பு பல முறை, கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மேசையின் மறுபக்கத்தில் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் காதில் விழுந்த கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். இங்கே சொல்வதற்கும் உங்கள் கண்காட்சியின் விதியேட்டுக்கும் முரண்பாடு இருந்தால் விதியேட்டையே பின்பற்றுங்கள்.

இதுவரை எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

செடியைப் பார்ப்பதற்கு முன் விதியேட்டைப் பாருங்கள். எந்தெந்தப் பிரிவுகள் உண்டு, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை தண்டு அல்லது எத்தனை தொட்டி வைக்க வேண்டும், பதிவுக்குக் கடைசி நாள் எது, எத்தனை மணிக்குள் மேசையில் வைத்து முடிக்க வேண்டும், எப்போது திரும்ப எடுத்துச் செல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான இடங்களில் வெட்டுப் பூக்கள், தொட்டிச் செடிகள், பூ அலங்காரம் என்று மூன்று பெரும் பிரிவுகள் இருக்கும். முதல் இரண்டிலும் நீங்கள் வளர்த்த திறமைக்கு மதிப்பெண். மூன்றாவதில் அமைத்த திறமைக்கு மதிப்பெண்.

முதல் ஆண்டிலேயே பத்துப் பிரிவுகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கண்காட்சிக் காலையில் பத்தையும் அரைகுறையாக வைத்துவிட்டுப் போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டு அல்லது மூன்று பிரிவுகள் போதும். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தால் கூச்சப்படாமல் அதில் சேருங்கள். முதல் பரிசு ஒன்று வாங்கிவிட்டால் மறுபடி அதில் சேர முடியாதபடி பல கண்காட்சிகள் விதி வைத்திருக்கின்றன.

‘மூன்று தண்டுகள், ஒரே ரகம்’ என்று போட்டிருக்கிறது. நான்கு வைத்தால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும்?

இருக்காது. மூன்று என்றால் மூன்றுதான். நான்கு வைத்தாலும் இரண்டு வைத்தாலும், அந்தப் பூக்கள் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும், ‘விதிப்படி இல்லை’ என்று ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு நடுவர் அடுத்த சாடிக்குப் போய்விடுவார். போட்டியிலிருந்து விலக்கப்படும் பூக்களில் பெரும்பகுதி வாடியதாலோ பூச்சி அரித்ததாலோ விலக்கப்படுவதில்லை. எண்ணிக்கை பிசகியதால் விலக்கப்படுகிறது. நானே ஒரு முறை மூன்று ஜின்னியா கேட்ட இடத்தில் நான்கு வைத்தேன்; நான்காவதை விட்டுவிட மனம் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

‘பூ’, ‘தண்டு’, ‘கொத்து’ என்ற சொற்களையும் கவனியுங்கள். ‘ஒரு பூ’ என்று கேட்டிருந்தால் தண்டில் ஒரு பூ மட்டுமே இருக்க வேண்டும். பக்கத்தில் நிறம் காட்டத் தொடங்கிய மொட்டு ஒன்று இருந்தால், அதையும் ஒரு பூவாகவே எண்ணும் விதி பல இடங்களில் உண்டு. ‘கொத்து’ என்றால் ஒரே தண்டில் பல பூக்கள். ‘ஒரே ரகம்’ என்பதற்கு ஒரே நிறம் என்று பொருளில்லை: இரண்டு வெவ்வேறு ரகச் சிவப்பு டாலியாக்களைச் சேர்த்து வைத்தால், தொலைவிலிருந்து பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் அது விதிமீறல்தான்.

கடையில் வாங்கிய செடியை வைக்கலாமா?

வாங்கிய செடியை வைக்கலாம். ஆனால் நேற்று வாங்கியதை வைக்க முடியாது. தொட்டிச் செடி போட்டியாளரின் பராமரிப்பில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று மாதங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. வெட்டுப் பூக்களைப் பொறுத்தவரை, செடியைப் போட்டியாளரே வளர்த்திருக்க வேண்டும். பூ அலங்காரப் பிரிவில் மட்டும், மதிப்பெண் அமைப்புக்கே என்பதால், விலைக்கு வாங்கிய பூவையும் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள்.

என் பூதான் பெரியது. பரிசு எப்படிச் சிறிய பூவுக்குப் போயிற்று? நடுவர் எதைத்தான் பார்க்கிறார்?

பதிவு மேசையில் மாலை நேரத்தில் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுதான். அளவு என்பது மதிப்பெண்ணின் ஒரு பகுதி மட்டுமே. அந்த ரகத்துக்கு இயல்பான அளவை எட்டியிருந்தால் போதும். பூ அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே நடுவர் முதலில் பார்க்கிறார்: இதழ் விளிம்பு பழுத்திருக்கிறதா, பின்பக்க இதழ்கள் தளர்ந்திருக்கின்றனவா, பூச்சி கடித்த ஓட்டையோ மருந்து தெளித்த கறையோ தெரிகிறதா என்று. அதன்பின் வடிவம், நிறத்தின் தெளிவு, பூவைத் தாங்கும் தண்டின் நேர்மை, இலையின் நலம் ஆகியவை வரும். மூன்று தண்டு, ஐந்து தண்டு கேட்கும் பிரிவுகளில் ஒற்றுமைக்குத் தனி மதிப்பு உண்டு. ஒன்று மிகப் பெரியதாகவும் மற்ற இரண்டு நடுத்தரமாகவும் இருப்பதைவிட, மூன்றும் நடுத்தரமாக, அச்சில் வார்த்தவை போல இருப்பது மேல். அந்த ஒரு பெரிய பூ மற்ற இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மதிப்பிடும் முறையும் இருவகைப்படும். ஒன்றில் காட்சிப்பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களை மட்டும் கொடுப்பார்கள். டேனிஷ் முறை எனப்படும் மற்றொன்றில் ஒவ்வொன்றையும் ஒரு தரநிலையோடு ஒப்பிடுவதால், தரத்தை எட்டிய ஐந்து பேருக்கும் முதல் தரம் கிடைக்கலாம். எவருமே எட்டவில்லை என்றால் ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். உங்கள் கண்காட்சி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் முடிவைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். நாடா நிறத்தையும் நம்பாதீர்கள்: அமெரிக்கக் கண்காட்சிகளில் நீலம் முதல் பரிசு, சிவப்பு இரண்டாம் பரிசு, பிரிட்டனில் வழக்கமாகச் சிவப்பே முதல் பரிசு, நீலம் இரண்டாம் பரிசு.

கண்காட்சி நாளன்று சரியாகப் பூத்திருக்கும்படி எப்படித் திட்டமிடுவது?

நாட்காட்டியில் கண்காட்சித் தேதியைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். ஜின்னியா விதைத்ததிலிருந்து பூக்க ஏறத்தாழ 60 முதல் 70 நாட்களும், கிளாடியோலஸ் கிழங்கு நட்டதிலிருந்து ரகத்தைப் பொறுத்து 70 முதல் 100 நாட்களும் ஆகும். மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜாவில், வாடிய பூவைத் தண்டோடு வெட்டிவிட்டால் அடுத்த சுற்றுப் பூ வர ஆறிலிருந்து எட்டு வாரங்கள் பிடிக்கும். வெயில் கூடினால் இந்தக் கணக்கு சுருங்கும், குளிர்ந்தால் நீளும். ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் நடாமல், ஒரு வார இடைவெளியில் மூன்று தவணையாக நடுவதுதான் பாதுகாப்பானது.

சாமந்தியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும் என்பதால், தெருவிளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் படும் இடத்தில் இருக்கும் செடி, மற்றவை எல்லாம் பூத்த பிறகும் இலையாகவே நின்றுகொண்டிருக்கும்.

பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?

பிரிவைப் பொறுத்தது. தண்டுக்கு ஒரு பூ கேட்கும் பிரிவில் டாலியா, சாமந்தி, கலப்பின டீ ரோஜா (நீண்ட தண்டில் பெரிய பூவாகப் பூக்கும் ரோஜா வகை) ஆகியவற்றுக்கு நுனி மொட்டை மட்டும் விட்டுவிட்டு அதன் அருகிலுள்ள பக்க மொட்டுகளை, அவை பட்டாணி அளவுகூட ஆகாத பருவத்திலேயே, கிள்ளிவிட வேண்டும். சத்து முழுவதும் ஒரே பூவுக்குப் போகும் என்பதோடு, சீக்கிரம் கிள்ளினால் காயமும் ஆறி மறைந்துவிடும். முதல் நாள் இரவில் கிள்ளினால் பச்சைத் தழும்பு நடுவரின் கண்ணில் படாமல் இருக்காது.

கொத்துப் பிரிவுக்கான ரோஜாவில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கொத்தின் நடுமொட்டு மற்றவற்றுக்கு முன்பே விரிந்து முன்பே வாடிவிடும் என்பதால், அதைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டால் மற்ற மொட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விரிந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

பூவை எப்போது வெட்ட வேண்டும்? வெட்டியபின் அப்படியே சாடியில் வைத்துவிடலாமா?

அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்தபின் மாலையிலோ வெட்டுங்கள். நண்பகலில் செடியின் தண்டில் நீர் குறைவாக இருக்கும். கூர்மையான, சுத்தமான கத்தியால் சாய்வாக வெட்டி, வெட்டிய உடனே வாளி நீரில் தண்டின் பெரும்பகுதி மூழ்கும்படி நிறுத்த வேண்டும். தோட்டத்துக்கே வாளியை எடுத்துச் செல்லாமல் வெட்டிய பூக்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நான்கு செடிகளைச் சுற்றி வருபவர்கள், தண்டுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ள வழிசெய்கிறார்கள். வெதுவெதுப்பான நீர், குளிர்ந்த இருட்டான இடம், குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும்: இந்த ஓய்வைப் பெற்ற பூதான் மேசையில் நாள் முழுவதும் தலைநிமிர்ந்து நிற்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை எடுத்துவிடுங்கள். அவை அழுகி நீரைக் கெடுத்துத் தண்டை அடைத்துவிடும்.

சில பூக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பால் வடியும் தண்டுகளின் வெட்டிய முனையைச் சில நொடிகள் தீயில் காட்டியோ கொதிநீரில் நனைத்தோ பாலை நிறுத்த வேண்டும்; அந்தப் பால் கண்ணிலும் தோலிலும் பட்டால் எரிச்சல் தரும் என்பதால் கையுறை அணிவது நல்லது. டாஃபோடில் தண்டின் சாறு மற்றப் பூக்களுக்குத் தீங்கு செய்வதால் அதைத் தனி வாளியில் வையுங்கள். ஹைட்ரேஞ்சியா தலை சாய்ந்துவிட்டால் பூவையே நீரில் முழுதாக அமிழ்த்தி வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். மரத்தண்டுகளைச் சுத்தியலால் நசுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அடியில் நேராக ஒரு பிளவு கொடுங்கள்.

மொட்டாக வெட்டினால் மேசையில் விரிந்துவிடும் அல்லவா?

எல்லாப் பூவும் அப்படி விரிவதில்லை. டாலியாவை மொட்டாக வெட்டினால் அது மொட்டாகவே இருந்து வாடும். முழுதாக விரிந்து, பின்பக்க இதழ்கள் இன்னும் விறைப்பாக இருக்கும்போது வெட்ட வேண்டும். ஜின்னியாவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள், கழுத்து தொய்ந்து ஆடினால் இன்னும் பக்குவம் வரவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். கலப்பின டீ ரோஜா, நடுவர் பார்க்கும் நேரத்தில் பாதியிலிருந்து முக்கால் பங்குவரை விரிந்து, நடுமுனை உயர்ந்து கூம்பாக இருக்க வேண்டும். ஆகவே அதைச் சற்று முன்னதாகவே வெட்டிக்கொள்வார்கள். சூரியகாந்தி மகரந்தம் கொட்டத் தொடங்கிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

கிளாடியோலஸ் எல்லாவற்றிலும் நுட்பமானது. கதிரின் அடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூக்கள் விரிந்தும், நடுவில் ஒரு பங்கு மொட்டுகள் நிறம் காட்டியும், நுனியில் ஒரு பங்கு பச்சையாகவும் இருப்பதே சிறந்த நிலை என்று கொள்வது வழக்கம். அடிப்பூ ஒன்று வாடிவிட்டதே என்று அதைப் பிடுங்கினால், காலியான அந்த இடமே குறையாக எண்ணப்படும்.

இரண்டு நாள் முன்பே பூத்துவிட்டது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாமா?

ரோஜாவை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சில நாட்கள் தாங்க வைக்கலாம். போட்டிக்கு ரோஜா வளர்ப்பவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். முந்தைய கேள்விகளில் சொன்னபடி நீரில் ஓய்வு கொடுத்தபின், பூவைத் தளர்வான உறையால் மூடி உள்ளே வைக்க வேண்டும், ஏனெனில் வீட்டுப் பெட்டியின் காற்று மிகவும் வறண்டது. அதே பெட்டியில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கவே கூடாது. பழுக்கும் கனிகள் வெளிவிடும் எத்திலீன் வாயு இதழ்களை உதிர்த்துவிடும். ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்கள் 10 டிகிரிக்குக் கீழே கருத்துப் போகும் என்பதால் அவற்றுக்கு இந்த வழி உதவாது.

வரும் வழியில் ஓர் இதழ் கிழிந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா, ஒட்டிவிடலாமா?

பிடுங்கலாம், ஒட்டக் கூடாது. ஓரத்திலுள்ள ஓர் இதழை எடுத்தபின் பூவின் வட்டம் குலையாமல் இருந்தால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. ரோஜாவின் வெளிப்புறத்தில் நிறம் மங்கித் தடித்திருக்கும் இதழை எடுப்பதும் வழக்கமான ஒப்பனைதான். மென்மையான தூரிகையால் தூசியையும் உதிர்ந்த மகரந்தத்தையும் தட்டிவிடலாம், ஒட்டிக்கொண்டிருக்கும் இதழ்களைப் பிரித்துவிடலாம். பசை, கம்பி, சாயம், எண்ணெய் என்று பூவின் மீது வேறொரு பொருள் ஏறினால் அது ஏமாற்று. இலையின் ஓட்டையைக் கத்தரிக்கோலால் ஒதுக்கிச் சரிசெய்ய நினைப்பவர்கள், இலையின் இயல்பான வடிவத்தை ஒட்டியே வெட்ட வேண்டும்.

வீட்டுச் செடியைப் போட்டிக்கு எப்போதிருந்து தயார் செய்ய வேண்டும்?

வெட்டுப் பூ ஒரு வாரத்து வேலை என்றால், தொட்டிச் செடி மூன்று மாதத்து வேலை. சன்னலருகே வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து ஒருபக்கமாக வளரும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்து வந்தால்தான் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சமமாகத் தெரியும். அந்தச் சமநிலையைக் கடைசி வாரத்தில் எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. தொட்டி மாற்ற வேண்டுமானால் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். புதிதாக நட்ட செடி மண்ணில் ஆடுவதை நடுவர் விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார். வண்ண இலைச் செடியில் முழுப் பச்சையாகக் கிளம்பும் கிளைகளைத் தோன்றும்போதே அடியோடு வெட்டிவிட வேண்டும்.

தொட்டியும் காட்சிப்பொருளின் ஒரு பகுதிதான். மண் தொட்டியின் வெளிப்புறத்தில் படியும் வெள்ளை உப்பைக் காடி கலந்த நீரால் தேய்த்துக் கழுவலாம். அலங்காரத் தொட்டியைவிட எளிய, சுத்தமான தொட்டியே பார்வையைச் செடியின் மேல் நிறுத்தும். ‘8 அங்குலத் தொட்டிக்கு மிகாமல்’ என்று இருந்தால், அது பொதுவாக விளிம்பருகே உட்புற விட்டத்தைக் குறிக்கும். அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள், கடைக்காரர் சொன்ன அளவை நம்ப வேண்டாம். ஒரு தொட்டிக்குள் இன்னொன்றை மறைத்து வைப்பதைப் பல விதியேடுகள் தடுக்கின்றன.

இலை பளபளக்க எண்ணெயோ பாலோ தடவலாமா?

வேண்டாம். பளபளப்புப் பொருள்களைப் பெரும்பாலான விதியேடுகள் தடை செய்கின்றன. தடை இல்லாத இடத்திலும் அது தூசியை ஈர்த்து ஒட்டவைக்கும். ஈரத் துணியால் இலையின் அடியைக் கையால் தாங்கியபடி துடைத்தால் போதும். ரோமம் படர்ந்த இலைகளில் நீர் பட்டால் புள்ளி விழும் என்பதால் அவற்றுக்கு உலர்ந்த மென்தூரிகை. எச்செவெரியா போன்ற சதைப்பற்றுச் செடிகளின் மேல் படிந்திருக்கும் மாவு போன்ற பூச்சைத் தொடவே தொடாதீர்கள். அது அழுக்கன்று, இலையின் காப்பு, ஒரு முறை பதிந்த விரல் தடம் அந்த இலையில் மறையாது.

இலை நுனி காய்ந்திருக்கிறது. வெட்டுவதா, இலையையே எடுத்துவிடுவதா?

எடுத்தால் வடிவம் குலையாது என்றால் இலையையே எடுத்துவிடுங்கள். குலையும் என்றால், மேலே சொன்னபடி இலையின் இயல்பான கூர்மையை ஒட்டி, காய்ந்த பகுதியில் நூலளவு விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய விளிம்பு மறுபடி காயும்.

ஆப்பிரிக்க வயலட் நிறையப் பூத்திருந்தும் ஏன் பரிசு கிடைக்கவில்லை?

பூவை எண்ணுவதற்கு முன் நடுவர் செடியை மேலிருந்து பார்க்கிறார். இலைகள் ஒரே மையத்திலிருந்து, ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கிய சக்கரம் போல, இடைவெளி இல்லாமல் விரிந்திருக்க வேண்டும். இலைக்கக்கத்தில் கிளம்பும் பக்கக் கன்றை விட்டுவைத்தால் மையம் இரண்டாகி அந்தச் சக்கரம் உடைந்துபோகும். எத்தனை பூக்கள் இருந்தாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது. சிறு கன்று தெரிந்த உடனே ஊசிமுனையால் நெம்பி எடுப்பதும், அடியில் பழுக்கும் இலைகளை ஒரு சுற்றாகக் கழிப்பதும், அதனால் வெறுமையாகத் தெரியும் கழுத்துத் தண்டைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மண்ணுக்குள் இறக்கி நடுவதும் இச்செடியை வளர்ப்பவர்களின் அன்றாட வேலைகள். பூக்கொத்துகள் ஒரு பக்கமாகச் சரியாமல் மையத்தைச் சுற்றி நிற்பதற்கும், முன்பு சொன்ன தொட்டி திருப்புதலே வழி.

பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது? என் செடியின் பெயரே மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

தாவரப் பெயரும் ரகப் பெயரும் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். சமநிலையில் உள்ள இரண்டு பூக்களில் சரியான பெயர் தாங்கியது முந்துவதை நான் பார்த்திருக்கிறேன். ரகம் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். தவறான பெயர் எழுதினால் நடுவர் அந்த ரகத்தின் இலக்கணத்தை வைத்தே உங்கள் பூவை அளப்பார்.

பெயர் மாற்றமும் உண்மைதான். ஆப்பிரிக்க வயலட்டின் பழைய பேரினமான செயின்ட்பாலியாவை 2015-ல் ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். சான்செவியேரியா இப்போது டிராசீனாவில் அடங்குகிறது. ஆனால் விதியேட்டில் ‘சான்செவியேரியா’ என்று தனிப் பிரிவு இருந்தால், தாவரவியல் என்ன சொன்னாலும், உங்கள் செடிக்கு இடம் அதுதான். டிராசீனா பிரிவில் வைத்துவிட்டு வாதாட வேண்டாம்.

என் ஸ்பாதிஃபில்லம் பூத்திருக்கிறது. அதைப் பூக்கும் செடியில் சேர்ப்பதா, இலைச் செடியில் சேர்ப்பதா?

கண்காட்சி நாளன்று பூ இருந்தால் பூக்கும் செடிப் பிரிவு, இல்லையென்றால் இலைச் செடிப் பிரிவு என்பதே பெரும்பாலான இடங்களின் வழக்கம். விதியேட்டில் தெளிவில்லை என்றால் பதிவுக்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். கோலியஸ் போன்றவற்றில் பூங்கதிர் அழகைக் குறைக்கும் என்பதால், இலைச் செடியாக வைப்பவர்கள் அதைக் கிள்ளிவிடுவார்கள்.

ஸ்பாதிஃபில்லத்தில் நாம் பூ என்று சொல்லும் வெள்ளைப் பகுதி உண்மையில் ஒரு மடல். அதற்குள் நிற்கும் கதிரில்தான் பூக்கள் இருக்கின்றன. பாயின்செட்டியாவிலும் சிவப்பாகத் தெரிவது இலைகளே. நடுவிலுள்ள சிறிய மஞ்சள் பூக்கள் உதிர்ந்துவிட்டிருந்தால், சிவப்பு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், செடி பருவம் கடந்துவிட்டது என்று அறிந்த நடுவர் கண்டுகொள்வார்.

பூவையும் செடியையும் சேதமில்லாமல் எப்படிக் கொண்டுபோவது?

தண்டுகள் ஒன்றையொன்று உரசாதபடி, கனமான வாளியில் கால்பங்கு நீர் ஊற்றி, இடையிடையே தாள் சுருட்டிச் செருகி நிறுத்துங்கள். தொட்டிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத் தாளால் அடைக்க வேண்டும். செடிக்கு முந்தைய நாளே நீர் ஊற்றிவிடுங்கள்; புறப்படும் நேரத்தில் ஊற்றினால் சேறும் கறையுமாக இறங்கும். மூடிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

கிளாடியோலஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் படுக்கவைக்காதீர்கள். வெட்டிய பிறகும் அதன் நுனி மேல்நோக்கியே வளைய முயலும். ஓர் இரவு முழுவதும் வண்டியின் பின்பகுதியில் படுக்கவைத்திருந்த என் ஆறு கதிர்கள் காலையில் ஆறு கொக்கிகளாக இறங்கின. கேட்ட எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு தண்டுகளைக் கூடுதலாகக் கொண்டுசெல்லுங்கள்; ஆனால் இரண்டாவது கேள்வியை நினைவில் வைத்து, மிஞ்சியதை வாளியிலேயே விட்டுவிடுங்கள்.

பூ அலங்காரப் பிரிவில் பூக்கள் நன்றாக இருந்தும் விலக்கிவிட்டார்களே?

அநேகமாக இட அளவை மீறியிருப்பீர்கள். 60 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒரு புல்லின் நுனிகூட அதற்கு வெளியே நீளக் கூடாது. வீட்டிலேயே அட்டையால் அதே அளவில் ஒரு கூடு செய்து அதற்குள் வைத்துப் பார்ப்பவர்கள் இந்தத் தவறில் சிக்குவதில்லை. அடுத்ததாகத் தலைப்பு: ‘மழைக்குப் பின்’ என்று தலைப்பு கொடுத்திருந்தால், அழகான பூங்கொத்து மட்டும் போதாது, தலைப்பை அறியாத ஒருவரும் அதை ஏறத்தாழ ஊகிக்கும்படி அமைப்பு பேச வேண்டும். செயற்கைப் பூக்களுக்குப் பொதுவாக இடமில்லை.

நீரில் ஊறவைத்துப் பூத்தண்டுகளைச் செருகி நிறுத்தும் பச்சைப் பூப்பஞ்சைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள். அது நுண்துகள் நெகிழியாக உடைந்து மண்ணிலும் நீரிலும் சேர்வதால், பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்தது. வேறு அமைப்புகளும் அந்த வழியில் போகின்றன. ஆணிப்பலகையும் கம்பிவலையும் பழகிவிட்டால் பஞ்சின் நினைவே வராது என்பது என் அனுபவம்.

என் பிரிவில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்கு ஏன் இரண்டாம் பரிசு?

முதல் பரிசுக்குரிய தரம் இல்லை என்று தோன்றினால் அதை நிறுத்திவைக்க நடுவருக்கு உரிமை உண்டு. போட்டியாளர் ஒருவரே என்பதால் பரிசு உறுதி என்று எண்ணி, வாடிய செடியைத் தூக்கிவருபவர்களுக்காக ஏற்பட்ட விதி இது. உங்கள் செடி வாடியிருந்தது என்று சொல்லவில்லை. நடுவரின் குறிப்புச்சீட்டு இருந்தால் அதை வாசித்துப் பாருங்கள்.

நடுவரின் முடிவு தவறு என்று தோன்றினால் முறையிடலாமா?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘அந்தப் பூவைவிட என் பூ அழகு’ என்பது முறையீடு ஆகாது. அதில் நடுவரின் தீர்ப்பே இறுதி. ‘மூன்று தண்டுப் பிரிவில் நான்கு தண்டு வைத்தவருக்குப் பரிசு கிடைத்திருக்கிறது’ என்பது விதி தொடர்பானது. அதை விதியேட்டில் குறித்த நேரத்துக்குள், எழுத்தில், அமைப்பாளரிடம் கொடுக்கலாம். நடுவரை நேரில் மறித்துக் கேட்பதைவிட, கூட்டம் குறைந்தபின் ‘அடுத்த ஆண்டு எதைத் திருத்த வேண்டும்’ என்று கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்து பத்து நிமிடம் ஒதுக்குவார்கள்.

நானும் என் மனைவியும் ஒரே தோட்டத்தில்தான் வளர்க்கிறோம். இருவரும் ஒரே பிரிவில் சேரலாமா?

ஒரே தோட்டத்திலிருந்து ஒரு பிரிவுக்கு ஒன்றுதான் என்று சில இடங்களிலும், ரகம் வேறாக இருந்தால் ஒருவரே இரண்டு வைக்கலாம் என்று வேறு சில இடங்களிலும் விதி இருக்கிறது. விதியேடு எதுவும் சொல்லவில்லை என்றால் சேரலாம். வீட்டில் மூளும் சண்டைக்கு அமைப்பாளர் பொறுப்பில்லை.

போட்டி முடிந்து செடியை வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கவனிக்க வேண்டியது உண்டா?

முதலில் ஓர் எச்சரிக்கை: குறித்த நேரத்துக்கு முன் எடுத்துச் சென்றால் பரிசை இழக்க நேரிடலாம். அதன்பின், உங்கள் செடி நாள் முழுவதும் எத்தனையோ வீடுகளிலிருந்து வந்த செடிகளின் இலையோடு இலை உரசி நின்றது என்பதை மறக்காதீர்கள். மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ தெரியும் செடியை நடுவர்கள் விலக்கிவிடுவார்கள் என்றாலும், இளம் பூச்சிகளும் சிலந்திப்பேனும் எளிதில் கண்ணில் படுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரங்கள் தனி இடத்தில் வைத்து, இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு தண்டில் சேரும் மூலையையும் வாரம் இரு முறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். முதல் பரிசு பெற்ற செடிக்கும் இதில் விலக்குக் கிடையாது; எல்லோரும் குனிந்து பார்த்து, தொட்டுப் பார்த்துப் போனது அதைத்தான்.